எம்.புக்கை ஏரியா சபையின் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகப் போட்ட தார்ச்சாலை முதல் மழையிலேயே பெயர்ந்துவிட்டது, வடிகால் கட்டிய பிறகும் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று வாசகர்கள் எழுதும் கடிதங்கள் நியாயமானவை. இதே புகார் மாநகராட்சிக்கு மனுவாகப் போனால் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறார்கள். ‘சாலை மோசம்’ என்று நாம் சொல்வதும், ‘விதிப்படி போடப்பட்டது’ என்று பொறியாளர் சொல்வதும் வெறும் வாய்ப்பேச்சாக எதிரெதிரே நிற்கும்போது ஜெயிப்பது அலுவலகம்தான். அந்த நிலையை மாற்றக்கூடிய ஆவணம் ஒன்று ஒவ்வொரு கோட்டப் பொறியாளர் அலுவலகத்திலும் இருக்கிறது. அதுதான் அளவுப் புத்தகம். அலுவலக வழக்கில் எம்.புக். வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் ஏரியா சபையில் அதை வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

கான்டிராக்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எம்.புக்கில் எழுதப்பட்ட அளவிலிருந்துதான் பிறக்கிறது. உதவிப் பொறியாளர் களத்தில் அளந்து நீளம், அகலம், கனம் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேலதிகாரி அதைச் சரிபார்த்து மேலொப்பமிட வேண்டும். அதற்குப் பிறகே பில். பக்கங்களுக்கு எண் உண்டு, கிழித்து மாற்ற முடியாது. தெருவில் டேப் பிடிக்கத் தெரிந்த யாரும் இதைச் சரிபார்க்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 மீட்டர் நீளத் தெருவுக்கு 4.5 மீட்டர் அகலம், 30 மி.மீ. கனம் என்று எம்.புக்கில் எழுதியிருந்தால் கலவை 16.2 கனமீட்டர். இறுக்கிய தார்க்கலவை கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 டன் என்று கொண்டால் சுமார் 37 டன். தெருவில் டேப் பிடிக்கும்போது வடிகால் மூடி போக உண்மையான அகலம் 4.1 மீட்டர்தான் வருகிறது, பெயர்ந்த ஓரத்தில் கனம் 20 மி.மீ.தான் தெரிகிறது என்றால் கொட்டிய கலவை 23 டன்னைக்கூடத் தொடாது. மீதி 14 டன்னுக்கும் பணம் போயிருக்கிறது. அகலத்தில் 40 சென்டிமீட்டர், கனத்தில் 10 மில்லிமீட்டர் என்று கேட்கும்போது சின்ன வித்தியாசமாகத் தெரிவது, பெருக்கிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்தக் கணக்கைத் தெருப்பெயர், எம்.புக் எண், பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தால் ‘உரிய நடவடிக்கை’ என்று தட்டிக்கழிப்பது எளிதல்ல. ஓரத்தில் கனம் சற்றுக் குறைவது இயல்பு என்று பொறியாளர் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆகவே ஓரத்தை மட்டும் வைத்து வாதாடாமல், சாலையின் நடுவில் துளையிட்டு மாதிரி எடுத்த சோதனை அறிக்கையையும் கேட்க வேண்டும்.

மில்லிங் இன்னொரு முக்கிய இனம். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், சாலை மட்டம் வீட்டு வாசலைவிட உயரக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதன் பிறகு எஸ்டிமேட்டுகளில் மில்லிங் தனி இனமாகவே வருகிறது. 540 சதுரமீட்டரை 40 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டியதாக பில் இருந்தால் 21.6 கனமீட்டர் பழைய தார்க்கழிவு வெளியேறியிருக்க வேண்டும். அது எந்த வண்டியில் எங்கே போனது, எந்தப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டது? சுரண்டாமலே மேலே போட்டுவிட்டு மில்லிங்குக்கும் பில் எழுதியிருந்தால், வாசற்படியின் உயரமும் இந்தப் பதிவேடுமே சாட்சி.

இந்தக் காகிதங்களைப் பெறுவதற்கான கருவி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆனால் மனு எழுதும் விதத்திலேயே பெரும்பாலானவை தோற்றுவிடுகின்றன. ‘எங்கள் தெருச் சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது?’ என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று பொதுத் தகவல் அலுவலர் ஒதுக்கிவிடுவார். கையில் இருக்கும் பதிவைத்தான் தர வேண்டும், புதிதாக ஒன்றை உருவாக்கித் தரக் கடமை இல்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். ‘இன்ன வார்டு, இன்ன தெருவில் 1.4.2023 முதல் இம்மனு நாள் வரை செய்த சாலைப் பணிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய விரிவான மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, எம்.புக் பக்கங்கள், பகுதி பில் மற்றும் இறுதி பில், தரக்கட்டுப்பாட்டுச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள்’ என்பது போதும். காரணம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பணிக் கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். யார் எதை எழுதிப் பரிந்துரைத்தார், யார் ஒப்புதல் தந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மனுவில் எழுதத் தேவையில்லை. பிரிவு 6(2) அந்தக் கேள்வியையே தடுக்கிறது. எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு மறுக்க வழி தேடுவார்கள்.

ஒரு மனுவில் ஒரு தெரு அல்லது ஒரு பணி என்று வைத்துக்கொள்வது நல்லது. 20 தெருக்களை ஒரே மனுவில் அடக்கினால் ‘அலுவலக வளத்தை அளவுக்கு மீறித் திசைதிருப்பும்’ என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு, கேட்ட வடிவத்துக்குப் பதில் வேறு வடிவத்தில் தர இடம் கொடுக்கிறதே தவிர, தகவலையே மறுக்க இடம் கொடுக்கவில்லை. இதை மேல்முறையீட்டில் எழுதலாம். இருந்தாலும் அந்த வாய்ப்பை முதலிலேயே கொடுக்காமல் இருப்பது மேல்.

தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவிலேயே ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். யாருக்கு அனுப்புவது என்பதில்தான் சென்னையில் பலர் சிக்குகிறார்கள். உட்புறச் சாலைகள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு; பேருந்து தடச் சாலைகளுக்கு ரிப்பன் மாளிகையில் தனித் துறை; பாதாளச் சாக்கடையும் குடிநீரும் குடிநீர் வாரியத்தின் வேலை; சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தவறான இடத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி நமக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 6(3). திருப்பி அனுப்புவது சட்டப்படி தவறு. மாநகராட்சி போட்ட சாலையைக் கேபிளுக்காகவோ குழாய்க்காகவோ வேறொரு துறை தோண்டியிருந்தால், ரோடு கட் அனுமதிப் பதிவேட்டையும், சீரமைப்புக்காக வசூலித்த தொகையின் விவரத்தையும் மாநகராட்சியிடமே கேட்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பள்ளத்தை மூடாமல் விட்டது யார் என்பது அதில் தெரிந்துவிடும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வரும் பதில்களில் சில வகைகள் திரும்பத் திரும்ப வருபவை. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது முதல் வகை. தொலைந்த கோப்பு என்பது பிரிவு 8-ல் சொல்லப்பட்ட விலக்குகளில் எதுவும் அல்ல. முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் விஸ்வாஸ் பாம்பர்கர் வழக்கில் கூறியது. இந்தப் பதில் வந்தால் அடுத்த மனுவில் அந்தக் கோப்பின் நகர்வுப் பதிவேடு, ஆவண அழிப்புப் பதிவேடு இரண்டையும் கேளுங்கள். காணாமல் போன கோப்பு அதன் பிறகு கிடைத்துவிடுவது உண்டு.

‘விசாரணை நடக்கிறது’ என்ற பதிலுக்கும் இதே உறுதி வேண்டும். விசாரணை நிலுவையில் இருப்பது மட்டும் போதாது, தகவல் தந்தால் அது எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என்பது டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2007-லேயே பகத் சிங் என்ற மனுதாரரின் வழக்கில் தீர்ந்த விஷயம். ‘கான்டிராக்டர் ஆட்சேபிக்கிறார்’ என்று சொன்னால் பிரிவு 11-ஐப் பார்க்க வேண்டும். மனு கிடைத்த 5 நாளில் அவருக்கு அறிவிப்பு, அவர் பதில் சொல்ல 10 நாள், 40 நாளுக்குள் முடிவு. அவருடைய கருத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தடுக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. வரிப்பணத்தில் முடிந்த வேலைக்குக் கொடுத்த பில் வணிக ரகசியம் ஆகாது.

‘நேரில் வந்து பார்வையிடலாம்’ என்று பதில் வந்தால் மறுக்காமல் போவது நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தனியாகப் போகாமல், கட்டட வேலையோ எஸ்டிமேட்டோ தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். கோப்பில் பக்க எண் இடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் இல்லாத கோப்பிலிருந்து பிறகு எதையும் உருவலாம். எம்.புக்கில் அளவெடுத்த தேதிக்கும் பில் தேதிக்கும் உள்ள இடைவெளி, மேலதிகாரி சரிபார்த்த கையெழுத்து, தெரு முழுக்க அகலம் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா என்பன முதலில் கவனிக்க வேண்டியவை. நம் ஊர்த் தெரு எதுவும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அகலத்தில் இருப்பதில்லை. 10 மீட்டருக்கு ஒருமுறை அளந்திருந்தால் எண்கள் மாறியே ஆக வேண்டும். அதே தெரு வேறு பெயரில் இன்னொரு பணியில் வருகிறதா என்பதும் முக்கியம். ஒன்றில் ‘முதல் குறுக்குத் தெரு’ என்றும் மற்றொன்றில் ‘மெயின் ரோடு முதல் கோவில் வரை’ என்றும் எழுதி இரண்டு முறை பணம் எடுக்க முடியும். வெளியே வரும் முன் என்னென்ன பக்கங்களைப் பார்த்தீர்கள், எதைக் காட்டவில்லை என்று ஒரு தாளில் எழுதி, அலுவலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் மறுத்தால் அன்றே தபாலில் அனுப்பிவிடலாம்.

பிரிவு 2(j) ஆவணத்தை மட்டுமல்ல, பணியையே பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. மழைநீர் வடிகாலுக்கு இது இன்றியமையாதது. கான்கிரீட் ஊற்றிய பிறகு உள்ளே எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எவ்வளவு இடைவெளியில் கட்டினார்கள் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கம்பி கட்டும் கட்டத்திலேயே வரைபடமும் மட்ட அளவுகளும் கையில் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் கான்கிரீட் அல்ல, வாட்டம். ஒரு தெரு வடிகாலின் அடிமட்டம் அது சேரும் பெரிய வடிகாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்டால், எத்தனை கோடி செலவழித்தாலும் தண்ணீர் திரும்பித்தான் வரும். இரண்டு பணிகளின் மட்ட அளவுகளையும் சேர்த்துக் கேட்டால் பிழை காகிதத்திலேயே தெரிந்துவிடும், அதுவும் மழைக்கு முன்னால்.

30 நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். அதற்குப் பிறகு தரும் நகலுக்குப் பணம் கேட்க முடியாது. அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பயன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. இங்கே பலர் செய்யும் தவறு, பிரிவு 18-ன் கீழ் புகார் மட்டும் அனுப்புவது. அந்தப் பிரிவில் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரச் சொல்லி ஆணையிட முடியாது என்று 2011-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பிரிவு 19(3)-ன் கீழ் மேல்முறையீடு செய்து, பிரிவு 20-ன்படி நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதத்தையும் அதிலேயே கோர வேண்டும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமை அலுவலருடையது என்று பிரிவு 19(5) சொல்வதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆனால் இந்தப் படிகள் முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் ஒப்பந்தத்தில் எழுதிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதைக் கான்டிராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்து, கான்டிராக்டரின் வைப்புத்தொகையும் திரும்பப் போய்விடுகிறது. ஆவணம் கைக்கு வரும்போது அதைக் கொண்டு சாலையைச் சரிசெய்ய வைக்க வழியில்லை. மறுப்பதைவிடத் தாமதிப்பது அலுவலகத்துக்கு லாபம். அதனால்தான் வேலை நடக்கும்போதே, இறுதி பில் போகும் முன்பே மனு போட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம். ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது இன்னொரு முட்டுக்கட்டை சேர்ந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகப் பிரிவு 8(1)(j) திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தனிநபர் தகவலை மறுக்கலாம் என்றிருந்தது, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கிவிட்டது. சாலைப் பணிக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் வருகைப் பதிவேட்டில்தான் அடி விழுகிறது. பெயர் இல்லாத வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இல்லாத ஆளுக்குச் சம்பளம் எடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? 1996-ல் ராஜஸ்தானின் பியாவரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 40 நாள் தர்ணா இருந்தபோது கேட்ட காகிதங்களில் முதன்மையானது இந்த மஸ்டர் ரோல்தான். இந்தச் சட்டம் எந்தத் தாளுக்காகப் பிறந்ததோ அந்தத் தாளையே மூடிவைக்க இடம் தருவது பெரும் அநீதி. பிரிவு 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுநலன் கூடுதலாக இருந்தால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம். பிரிவு 10-ன்படி வங்கிக் கணக்கு எண், முகவரி போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். இரண்டையும் மனுவிலேயே குறிப்பிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனு கொடுத்தவரின் பெயரும் தெருவும் சில நாட்களில் கான்டிராக்டருக்குப் போய்ச் சேர்வது பல ஊர்களில் நடக்கிறது. 2010-ல் புனே அருகே தகவல் உரிமை ஆர்வலர் சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். தபால் பெட்டி எண்ணை முகவரியாகத் தரலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் அனுமதித்திருக்கிறது. அதைவிட நல்லது, ஒரே ஆவணத்தைக் குடியிருப்போர் பலர் தனித்தனி மனுவாகக் கேட்பது. கிடைத்ததை உடனே தெருவில் எல்லோருக்கும் காட்டிவிடுவது. ஒருவரை மட்டும் மிரட்டிப் பயன் இல்லை என்றாகிவிடும்.

தகவல் மனுவைக் காட்டிக் கான்டிராக்டரிடம் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வதில் உண்மை உண்டு. அதற்கு மருந்து ஆவணத்தை மூடுவது அல்ல. ஒருவர் கையில் மட்டும் இருக்கும் நகலுக்குத்தான் பேரம் நடக்கும். இணையதளத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கும் எம்.புக்குக்கு என்ன பேரம்? தகவல் சட்டத்தின் பிரிவு 4, மனுவே இல்லாமல் தாமாக வெளியிடுவதைத்தான் முதல் கடமையாக வைத்திருக்கிறது. 2005-க்கு முன்பே, 1997-ல், இந்தியாவில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. அந்தப் பெருமை உள்ள மாநிலத்தின் தலைநகரில், முடிந்த சாலையின் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு குடிமகன் ஆணையம் வரை போக வேண்டியிருக்கிறது.

டெல்லியின் சுந்தர் நக்ரியில் 2002 டிசம்பரில் மக்கள் மாநகராட்சி ஒப்பந்த ஆவணங்களைப் பெற்று, தெருத்தெருவாக ஒப்பிட்டுப் பார்த்து, பொதுக்கூட்டத்தில் வாசித்தார்கள். போட்டதாகக் கணக்கில் இருந்த அடிபம்புகளும் தெருக்களும் களத்தில் இல்லாதது அங்கே வெளிப்பட்டது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நம்மிடம் சட்டப்படியான மேடையே இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று நகரங்களில் ஏரியா சபைகள் தொடங்கின. பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அந்தச் சபைகளில் இன்றும் தெருவிளக்கு, குப்பைத்தொட்டி கோரிக்கைகளே பதிவாகின்றன. கோரிக்கை வைப்பது சரிதான், செலவான பணத்தின் கணக்கும் அங்கே வர வேண்டும்.

மாநகராட்சி ஆணையர்களிடமும் மேயர்களிடமும் நாங்கள் கேட்பது இது. அந்தப் பகுதியில் முந்தைய சபைக்குப் பிறகு முடிந்த ஒவ்வொரு பணிக்கும் மதிப்பீட்டின் சுருக்கம், எம்.புக் பக்கங்கள், இறுதி பில், தரச் சோதனை அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றைச் சபைக்கு ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகப் பலகையிலும் இணையதளத்திலும் வைக்க வேண்டும். சபை நாளில் உதவிப் பொறியாளர் டேப்போடு வர வேண்டும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்களும் அவற்றுக்கு மாநகராட்சி தந்த பதில்களும் மாமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இவை எல்லாம் ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கும் தாள்கள். ஸ்கேன் செய்வதைத் தவிரப் புதிய வேலை எதுவும் இல்லை.

அந்த ஏற்பாடு வரும்வரை, அடுத்த ஏரியா சபைக்குப் போகும் வாசகர்கள் தங்கள் தெருப் பணியின் எம்.புக் நகலைக் கேட்கும் தீர்மானத்தை எழுத்தில் கொண்டுபோய், கூட்டக் குறிப்பேட்டில் பதியச் சொல்லி, கூட்டம் கலையும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பிறகு அந்தக் கூட்டக் குறிப்பின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேட்டு 10 ரூபாய் வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் வாசகர்கள்,
சென்னை.